குட்டியானைக்கு வீட்டு வைத்தியம்

பழைய குட்டியானை ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டாயில் நிறுத்தி, சொந்தக் கையால் சரிசெய்து ஓட்டுவது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் இருந்துகொண்டு இந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவிநாசி ரோட்டில் விடிந்தது முதல் துணி ரோல் ஏற்றிக்கொண்டு வண்டிகள் போகின்றன. ரோட்டை விட்டுச் சந்துக்குள் இறங்கினால் பாத்திரப் பட்டறைகளில் தகடு தட்டும் சத்தம். வண்டிக்கு வேலை இருக்கிறது, தகடு தட்டத் தெரிந்த கைகள் இருக்கின்றன, கொட்டாயும் சும்மா கிடக்கிறது. மூன்றையும் கூட்டினால் லாபம் என்று மச்சான் கணக்குச் சொல்லியிருப்பார். அவர் இதுவரை சொன்ன கணக்குகளை இந்த நேரத்தில் நினைத்துப் பார்க்கக் கூடாது. மனம் தளர்ந்துவிடும்.

முதலில் வண்டி. குட்டியானை என்றால் டாடா ஏஸ்தான். அந்த உயரத்தில் இருக்கும் வேறு கம்பெனி வண்டியையும் குட்டியானை என்றே சொல்லி விற்பார்கள். வாங்கிய பிறகு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உண்மை தெரியவரும். 2005 மே மாதம் ஏஸ் சந்தைக்கு வந்தபோது, மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் பெரிய டெம்போவுக்கும் நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. முக்கால் டன் சுமை, நான்கு சக்கரம், குறுகிய சந்தில் திரும்பும் உடம்பு. திருப்பூருக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. நம் ஊரில் ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழே பிறப்பது குறைவு. நூல் நிட்டிங்குக்குப் போகும். துணி சாயப்பட்டறைக்குப் போகும். அப்புறம் காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அட்டைப்பெட்டிக்குள் அடங்கும். வேலை இடம் மாறும்போதெல்லாம் வாசலில் ஒரு குட்டியானை நிற்க வேண்டும். நாடு முழுவதும் இருபது லட்சத்துக்கும் மேல் விற்றுப்போன வண்டியில் நம் பங்கு கணிசமாகத்தான் இருக்கும்.

இன்ஜின் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது. பழைய இண்டிகா டீசல் காரில் இருந்தது நான்கு சிலிண்டர், 1405 சிசி. அதில் சரிபாதி, இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன் என்பதுதான் ஆரம்பகால ஏஸ். பாதி இன்ஜின் என்பதை வண்டி மறைப்பதே இல்லை. நின்ற இடத்தில் ஓடவிட்டால் டாஷ்போர்டில் ஒட்டாமல் வைத்த பிள்ளையார் தானாகவே வலம்வர ஆரம்பித்துவிடுவார். வேகமாகச் சுற்றினால் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் போய்விட்டது என்று பொருள். மெதுவாகச் சுற்றினால் வண்டி நல்ல வண்டி.

விற்பவரிடம் "இந்த வண்டியில என்னங்க லோடு அடிச்சீங்க?" என்று கேட்காதீர்கள். கேட்டால் பதில் தெரிந்துவிடும். பதில் தெரிந்தால் வாங்க மாட்டீர்கள். வாங்காவிட்டால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. நிட்டிங்கிலிருந்து காய்ந்த துணி ஏற்றின வண்டியின் அடித்தட்டு பதினைந்து வருடமானாலும் கெட்டியாக நிற்கும். சாயப்பட்டறைக்கு உப்பு மூட்டை அடித்த வண்டி அப்படி இல்லை. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், அதுவும் கொஞ்சநஞ்சம் அல்ல. மூட்டையிலிருந்து சிந்தியது, ஈரத்தில் கரைந்தது எல்லாம் தகட்டின் மடிப்புக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாட்டோடு பிறகு திறந்தன. அந்த ஏற்பாட்டில் உப்பைப் பிரித்தெடுத்துத் திரும்பவும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் வண்டியின் அடித்தட்டில் இறங்கிய உப்பைப் பிரித்தெடுக்க இன்னும் யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

ஒரு காந்தத்தை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். எவர்சில்வர் வாங்கவே காந்தத்தோடு போகிறவர்கள் உள்ள ஊர் இது; யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். கதவின் கீழ்ப்பகுதி, சக்கரத்துக்கு மேல் இருக்கும் வளைவு, பின்பலகையின் ஓரம் ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே தகடு. ஒட்டாமல் கீழே விழுந்தால் உள்ளே பட்டி. விழுந்த காந்தத்தைக் குனிந்து எடுக்கும்போது வண்டியின் அடிப்பாகமும் கண்ணில் படும். அதையும் பார்த்துவிட்டு விலை பேசலாம், அல்லது பஸ் ஏறலாம்.

காகிதம் என்று ஒரு சள்ளை உண்டு. "எல்லாம் என்ற பேர்லதானுங்க இருக்குது, ஒண்ணும் வில்லங்கம் இல்லீங்" என்பார். ஆர்.சி. புக்கைப் புரட்டினால் எப்போதோ கடன் கொடுத்த பைனான்ஸ் பெயர் இன்னும் உட்கார்ந்திருக்கும். கடன் அடைந்தாலும் அவர்களிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கிப் பதிவில் அதை நீக்கினால்தான், படிவம் 29, 30 போட்டு வண்டியை உங்கள் பெயருக்கு மாற்ற முடியும். கட்டாத இ-சலான் இருக்கிறதா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று போனிலேயே பார்த்துவிடலாம். பெரும்பாலோர் இதை முன்பணம் கொடுத்த பிறகு பார்க்கிறார்கள். அதுவும் ஒரு முறைதான்.

வண்டி வந்துவிட்டது. இறக்கிவிட்டவர் சிரித்துக்கொண்டே போனார் என்றால் பொருட்படுத்த வேண்டாம்.

பட்டறைக்கு வேண்டியவற்றில் ஸ்பானர், பாக்ஸ் செட், கிரைண்டர், சுத்தியல் எல்லாம் எல்லா ஊரிலும் கிடைக்கும். பனியன் வேஸ்ட் விஷயத்தில் மட்டும் நம்மை அடிக்க ஆள் இல்லை. மற்ற ஊர் மெக்கானிக்குகள் காசு கொடுத்துக் கிலோக் கணக்கில் வாங்கும் துடைப்புத் துணி, இங்கே ஏதாவது ஒரு சொந்தக்காரரின் கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடக்கும். வாங்கும்போது சுத்தப் பருத்தியாகப் பார்த்து எடுங்கள். பாலியஸ்டர் கலந்தது எண்ணெயைச் சரியாகக் குடிக்காது, இங்கிருந்து அங்கே தேய்த்துவிடும். வெள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. எங்கே ஒழுகுகிறது, ஒழுகுவது இன்ஜின் ஆயிலா, டீசலா, கூலன்ட்டா என்று துணியிலேயே நிறம் தெரியும். சிலர் எண்ணெய் ஊறிய வேஸ்ட்டை மூலையில் குவித்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே வெல்டிங் போடுவார்கள். தீயணைப்பு நிலையத்தாரோடு பழக்கம் வேண்டுமென்று நினைப்பவர்கள் அப்படிச் செய்யலாம்.

ஜாக்கி இருந்தால் போதும், ஸ்டாண்டு எதற்கு, வீடு கட்டி மிஞ்சின ஹாலோ பிளாக் நாலு கிடக்கிறதே என்று மாமனார் சொல்வார். இந்த ஓர் இடத்தில் மட்டும் கிண்டலை நிறுத்திக்கொள்கிறேன். ஹாலோ பிளாக் சுவரில் சமமாகப் பாரம் தாங்கும். வண்டியின் ஒரே முனை அதன் மேல் இறங்கினால் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் கையைக்கூட விடாதீர்கள். இரும்பு ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள், அல்லது கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். மாமனார் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது ஆலோசகர்கள். இவர்களை நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை. பானட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாலே வந்துவிடுவார்கள், ஏஸுக்கு இன்ஜின் சீட்டுக்கு அடியில் என்று தெரிந்திருந்தும். லோடு அடிக்கும் டிரைவர் அண்ணன், ரிட்டையரான பிட்டர், எதிர்வீட்டு நிட்டிங் மெஷின் மெக்கானிக், எல்லாவற்றுக்கும் மேலாக, அறுபது வருடமாகப் பித்தளை தட்டிய பெரியவர். முதல் மூவரும் பேசுவார்கள். பெரியவர் பேச மாட்டார். டீ வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கண்ணு, அந்தச் சுத்திய இங்க குடு" என்பார். அதோடு அன்றைக்கு உங்கள் வேலை முடிந்தது, வேடிக்கை பார்க்கலாம்.

தகட்டு வேலையில் இந்த ஊருக்குக் கர்வம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. தட்டையான செம்பையும் பித்தளையையும் எடுத்து அண்டாவாகவும் குடமாகவும் சொம்பாகவும் மாற்றி, பொங்கல் வரப்போகிறது என்றால் ராத்திரி பகல் பார்க்காமல் பானை அனுப்பிய ஊர். எவர்சில்வர் வந்து பாதிக் கடையைப் பிடித்த பிறகும் பட்டறைகள் நிற்கவில்லை. ஆகவே உங்கள் வண்டியின் கதவில் இருக்கும் நசுங்கல் இங்கே யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியாது. தெரியாததுதான் சிக்கல். பித்தளை தட்டத் தட்ட இறுகும். இறுகினால் நெருப்பில் காட்டி இளக்கி மறுபடி தட்டலாம். கையில் இருப்பது புதுத் தகடு, கனமும் தெரியும். வண்டிக் கதவு புதுத் தகடு இல்லை. வெளியிலிருந்து பெயின்டும் உள்ளிருந்து துருவும் தின்று, எங்கே எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாத தகடு. அதை நசுங்கலின் நடு மையத்தில் ஓங்கித் தட்டினால் உலோகம் நீளும். நீண்ட தகடு போக இடமில்லாமல், விரலால் அமுக்கினால் 'டப்' என்று உள்ளே போய், விட்டால் 'டப்' என்று வெளியே வரும். குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு.

பெரியவர் அப்படித் தட்ட மாட்டார். நசுங்கலின் ஓரத்தில் ஆரம்பித்து, பின்பக்கம் ஒரு இரும்புக் கட்டையைத் தாங்கல் கொடுத்து, சின்னச் சின்ன அடியாகச் சுற்றி வந்து மையத்தை நெருங்குவார். ஏற்கெனவே நீண்டுபோன இடத்தை, காசளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, லேசாகத் தட்டி, ஈரத்துணியை வைத்து அழுத்துவார். 'சொய்ங்' என்று ஆவி கிளம்பும். தகடு சுருங்கி இறுகும். டிங்கர் பட்டறைகளில் இதே வேலையை இதே முறையில் செய்கிறார்கள் என்று அவரிடம் சொல்லாதீர்கள். டிங்கர்கள் பாத்திரக்காரர்களிடம் கற்றார்கள் என்பது அவர் கட்சி. மறுத்துப் பேசிச் சுத்தியலைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் தைரியம் எனக்கு இல்லை.

இந்தக் கலையெல்லாம் வேண்டாம், சீக்கிரம் முடிய வேண்டும் என்பவர்களுக்குப் பட்டி இருக்கிறது. நசுங்கலைத் தட்டாமல், துருவைச் சுரண்டாமல், மேலே பட்டியை அப்பித் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் மாப்பிள்ளை அழைப்புக்கே அனுப்பலாம். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கனமாக அப்பிய பட்டி, அந்தப் பாதி இன்ஜினின் நடுக்கத்தில் முதல் மழைக்குள் விரிசல் விடும். விரிசலில் தண்ணீர் இறங்கும், துரு உள்ளே குடித்தனம் தொடங்கும். அப்புறம் நீங்களும் வண்டியை விற்கலாம். வாங்க வருகிறவர் காந்தம் கொண்டுவராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடித்தட்டு ஓட்டையாக இருந்தால் நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதுதான் வழி. வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு போய்விடும். கேட் கிரில் அடிக்கும் ஆர்க் வெல்டிங்கை மெல்லிய தகட்டில் போட்டால் ஓட்டை பெரிதாகும். அந்த ஓட்டையை அடைக்க இன்னொரு தகடு, அதற்கொரு வெல்டிங் என்று வண்டி முழுவதையும் புதுப்பித்துவிடலாம். ஒட்டு முடிந்ததும் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, தண்ணீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் இந்தத் துளைகளை 'ஓட்டை' என்று நினைத்து அக்கறையாக அடைத்துவிடுகிறார்கள்.

இன்ஜின் வேலைக்கு வருவோம். புகையின் நிறத்தை வைத்து வைத்தியம் பார்ப்பது வழக்கம். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் ஒரு வருடத்துப் பஞ்சு கொட்டும். திருப்பூர் வண்டிக்கு இது சாதாரணம், இதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, பிரித்தே ஆக வேண்டும். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் குமிழி கிளம்பினால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. இவ்வளவு தெளிவாக இருந்தும் கொட்டாயில் கூடியிருக்கும் அத்தனை பேரும் "நாசில்தானுங்க" என்பார்கள். எந்த நோய்க்கும் நாசில். டீசல் பம்பின் சீலை உடைத்துத் தானே செட்டிங் பார்க்கலாம் என்று ஒருவர் முன்வருவார். அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு, பம்பையும் நாசிலையும் அளந்து பார்க்கும் கருவி உள்ள கடையில் கொடுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் சந்தித்துக்கொள்ளும். அந்தச் சந்திப்பின் செலவில் இன்னொரு பழைய இன்ஜின் வாங்கலாம்.

டீசல் ஃபில்டரை மாற்றிய கையோடு காற்றை வெளியேற்ற வேண்டும். மறந்துவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆகவில்லையே என்று சாவியைத் திருப்பித் திருப்பி பேட்டரியையும் இறக்கிவிட்டு, பத்துப் பேரைக் கூட்டிவந்து தள்ளி, அதிலும் கிளம்பாமல், கடைசியில் அந்தப் பக்கம் சைக்கிளில் போகும் பையன் ஹேண்ட் பம்பை நாலு அமுக்கு அமுக்கி ஸ்டார்ட் செய்துவிட்டுப் போவான். அனுப்பர்பாளையத்தில் அந்தப் பையன் எப்போதும் எங்கிருந்தாவது வருவான்.

உதிரி பாகம் வேண்டுமென்றால் புதுசு திருப்பூரிலேயே கிடைக்கும், பழசுக்குக் கோவை உக்கடம் இருக்கிறது. சென்னைப் புதுப்பேட்டை வரை போய்வந்தவர்கள் பாகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பயணத்தைப் பற்றி ஒரு மாதமும் பேசுவார்கள்.

பிரேக்கைக் கடைசியில் பாருங்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். பெயின்ட் முடிந்து, சீட் கவர் போட்டு, பாட்டுப் பெட்டி மாட்டி, கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயர் எழுதி, பிள்ளைகளின் பெயரைப் பின்பலகையில் ஏற்றிய பிறகு, கையில் காசு தீர்ந்த நேரத்தில்தான் பிரேக் ஞாபகத்துக்கு வரும். பிரேக் வெளியே தெரியாத பொருள். வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்து யாரும் "வீல் சிலிண்டர் ஜோராக இருக்குதுங்க" என்று சொல்லப்போவதில்லை. பின்சக்கர டிரம்மைக் கழற்றினால் உள்ளே ஆயில் கசிந்து ஷூ ஊறிப்போயிருக்கும். காலி வண்டியில் அது தெரியாது. முக்கால் டன் துணியோடு, முன்னால் போகும் டவுன் பஸ் நின்ற கணத்தில் தெரியும்.

பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் அடியில். தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடியில் இருப்பவர் "அமுத்து... புடி... உடு" என்று கத்த, மேலே இருப்பவர் ஒரு சொல் தள்ளிச் செய்ய, அமுத்தும்போது உட்டு, உடும்போது அமுத்தி, காற்று போன வழியே திரும்ப வரும். மச்சானை உட்கார வைத்தால் இப்படித்தான் ஆகும். வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுங்கள். பவர் டேபிள் தையல் மெஷினில் வருடக்கணக்கில் பெடல் மிதித்த கால்; அரை மிதி, கால் மிதி என்று வித்தியாசம் தெரிந்தது. "எத்தன வாட்டிதானுங்க அமுத்தறது, சோறு அடுப்புல கெடக்குது" என்று சொல்லிக்கொண்டே ஒரே தடவையில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். அன்றிலிருந்து வண்டி யாருடையது என்பதில் குழப்பம் வரலாம்.

பிறகு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று. வெள்ளை வண்டியை மயில் நீலத்தில் அடித்துவிட்டு, ஆர்.சி.யில் நிறம் மாற்றாமல் போய் நிற்பவர்கள் உண்டு. பல குரலில் பாடும் ஹாரனுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று அங்கேதான் முதன்முதலாகக் கேள்விப்படுவார்கள். கண்ணாடியை மறைக்கும் குலதெய்வத்தைக் கீழே இறக்கச் சொல்வார்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் என்று ஒளிரும் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். பிரேக்கைப் பார்ப்பார்கள், புகையைப் பார்ப்பார்கள், விளக்கைப் பார்ப்பார்கள். நீங்கள் மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பைப் பார்க்க மாட்டார்கள்.

சான்று கைக்கு வந்ததும் தேதியைப் பாருங்கள். எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். வயது கூடக் கூடக் கட்டணமும் ஏறும். பசுமை வரி ரசீதையும் அதே உறையில் போட்டு, அடுத்த வருடத் தேதியைக் காலண்டரில் இன்றே குறித்துவையுங்கள். நாள் தவறினால் தாமதக் கட்டணம் தினக்கணக்கில் ஏறும்.